மெல்லச் சண்டை போடும் வேம்படி

நான் சொல்லப்போகும் இதில் ஒரு சொல் பொய் என்றாலும், என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இந்த நிமிசமே உதிரட்டும். நேற்றுவரை நாலு இருந்ததே என்று கேட்காதீர்கள். அது வேறொரு கதையில் போனது. இது சத்தியம். தெருக்கோடி வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொல்கிறேன், அத்தனையும் நடந்தது.

முன்னொரு காலத்தில், தாது வருசப் பஞ்சம் வந்து ஊரை நக்கிவிட்டுப் போய் நாலைந்து வருசம் கழித்து, தேரிக்காட்டு ஓரத்தில் கருக்குவிளை என்று ஓர் ஊர் இருந்ததாம். ஒரு செம்மணல் மேடு, மேட்டைச் சுற்றிப் பனை, பனைக்கு நடுவில் வீடு. ஊரில் பாதிப்பேர் வேதக்காரர்கள், பாதிப்பேர் முத்தாரம்மன் கோயில்காரர்கள். எல்லாரும் சொந்தக்காரர்கள்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் அண்ணன் ஞானஸ்நானம் வாங்கினான், தம்பி வாங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் போதாதா? வருசம் முழுக்கச் சண்டை போட்டார்களாம்.

வேதக்காரர் பக்கத்தில் மாசிலாமணி. வேதக்கோயிலைத் திறந்து பெருக்கி, பாய் விரித்து, ஆராதனைக்கு ஆள் கூப்பிடுவது அவர் வேலை. கோயில்பிள்ளை என்று அதற்குப் பேர். அந்தக் கோயிலுக்கு மணி கிடையாது. மாசிலாமணி இருக்கையில் மணி எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலையில் மணல்மேட்டில் ஏறி நின்று ஒரு குரல் கொடுத்தால், பனை உச்சியில் கட்டின பதநீர்க் கலயம் தானாக ஆடுமாம். மூன்று மைல் தள்ளி உப்பளத்தில் குனிந்து நிற்கிறவன் முதுகை நிமிர்த்தி, "யாரோ கூப்பிடுதாவ" என்பானாம். ஒரு தடவை ஊருக்கு மேலே மழைமேகம் வந்து நின்றதாம். இவர் கூப்பிட்ட சத்தத்தில் அது அரண்டு கடலுக்கே திரும்பிவிட்டதாம். அதற்காக ஒரு மாசம் ஊரே அவரைத் திட்டியது.

அம்மன் பக்கத்தில் பூசாரி உச்சிமாகாளி. அவர் தொண்டையும் லேசுப்பட்டதில்லை. செவ்வாய்க்கிழமை அவர் அம்மனைக் கூப்பிட்டுப் பாடினால் கட்டிப்போட்ட ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுமாம். முறைக்கு இரண்டு பேரும் மச்சான் மச்சினன். அந்தக் கோயிலுக்கும் இந்தக் கோயிலுக்கும் நடுவில் ஒரே தெரு. தெருவில் ஒரே வேப்பமரம். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்.

"என்னவே மச்சான், உம்ம அம்மன் இன்னும் எந்திரிக்கலையா? கல்லுக்குக் காது கேக்க இம்புட்டுக் கத்தணுமா?" என்பாராம் மாசிலாமணி.

"உம்ம சாமி தன் கோயிலுக்கே இன்னும் ஓடு போடலை. நீரு எனக்கு மோட்சத்துல வீடு கட்டித் தாரீராக்கும். பேரு மாசிலாமணி, மூஞ்சி பணியாரச் சட்டி" என்பாராம் பூசாரி.

அது உள்ளதுதான். சின்ன வயசில் பெரியம்மை போட்டுப் பிழைத்தவர் மாசிலாமணி. முகம் பூராவும் குழி.

இந்த மட்டில் இருந்த சண்டை ஒரு வருசம் முற்றிப்போனது. மாசிலாமணியின் தாயார் இறந்துபோனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அம்மன் தெரு வழியாகப் பிணம் போகக்கூடாது என்று பூசாரி குறுக்கே படுத்துவிட்டாராம். படுத்தவரை மிதித்துக்கொண்டா போவது? உடைமரக் காட்டைச் சுற்றித்தான் போனார்கள். காலில் முள்ளோடு நின்று தாய்க்கு மண் போட்டார் மாசிலாமணி. அதற்குப் பிறகும் சண்டை நடந்தது. சிரிப்பு மட்டும் அதில் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு சித்திரை வெயிலில் ஊருக்குள் பெரியம்மை வந்தது. அதற்கு முந்தின வருசம் அம்மை குத்துவதற்குச் சர்க்கார் ஆள் ஒருவர் வந்திருந்தாராம். அவரைக் கண்டதும் வேதக்காரரும் அம்மன்காரரும் சேர்ந்தே பனங்காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அந்த ஊரில் இரண்டு பக்கமும் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதனால் இப்போது இரண்டு பக்கமும் விழுந்தது. தப்பினவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக் குடிசைகளுக்குப் போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை. மாசிலாமணி கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் பாட்டு இல்லை. மணி சத்தம் இல்லை. ஆடு ஓடவில்லை. மாசிலாமணிக்கு முதலில் சந்தோசமாக இருந்ததாம். "என்னவே மச்சான், தோத்துட்டீரா?" என்று ஒரு குரல் கொடுத்தார். பதில் இல்லை. "உம்ம அம்மன் ஊரை விட்டுப் போயிட்டாளா?" என்று இரண்டாவது குரல். பதில் இல்லை. மூன்றாவது தடவை, சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாராம். அதை நானும் சொல்ல மாட்டேன். அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

பூசாரி வீட்டுக் கதவில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பூசாரி பெஞ்சாதியை இழந்தவர். மகளைக் கட்டிக்கொடுத்தது தூரத்து ஊரில். அடுத்த வீட்டில் இருந்த அவர் தம்பி வாசலில் ஒரு பானைத் தண்ணீரை வைத்துவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டான். பானையில் எறும்பு மிதந்தது. இத்தனை வருசமாக அம்மை கண்ட வீடுகளுக்கெல்லாம் வேப்பிலையும் விபூதியும் கொண்டுபோனது உச்சிமாகாளி. அவருக்குக் கொண்டுவர ஆளில்லை.

மாசிலாமணிக்குப் பயமில்லை. ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வராது. உள்ளே போனார். ஓலைப் பாயில் பூசாரி கிடக்கிறார். உடம்பு முழுக்க முத்து. உதடு வெடித்துப் பாளம் பாளமாக இருக்கிறது.

அங்கேதான் மாசிலாமணி ஒரு தப்புப் பண்ணினாராம். வீட்டுக்கு ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பக்கத்தில் முழங்கால் போட்டார். "ஆண்டவரே, இந்த அஞ்ஞானிக்கு இரங்கும்" என்று, மணல்மேட்டில் கூப்பிடுகிற அதே தொண்டையில் ஒரு ஜெபம். கூரை ஓலை சரசரத்ததாம். பூசாரி கண்ணைத் திறந்தார்.

"வெளிய போவே" என்றார். குரல் காற்றாக வந்தது. "அம்மா வந்திருக்கிற வீடு இது. இங்க சத்தம் போடக்கூடாது."

"தண்ணி குடியும் முதல்ல."

பூசாரி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். செம்பை உதட்டில் வைத்தால் தண்ணீர் கழுத்தில் வழிகிறது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. மாசிலாமணி தாடையைப் பிடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், வைதும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. உச்சி வெயில் சாய்ந்தது. பூசாரியின் மூச்சு கட்டைமேல் ரம்பம் போடுகிற மாதிரி வந்தது. விட்டால் மறுநாள் இருக்க மாட்டார் என்று மாசிலாமணிக்குத் தெரிந்துபோயிற்று. அம்மை அவருக்குத் தெரிந்த சமாச்சாரம்.

அவர் முதல்முறையாக மெல்லப் பேசிப் பார்த்தாராம். பிறந்ததிலிருந்து பழக்கமில்லாத காரியம். கொல்லன் துருத்தி மாதிரி புஸ்ஸென்று வந்தது.

"சரிவே. எப்படி இருந்தா குடிப்பீரு? சொல்லும்."

பூசாரி ஒவ்வொன்றாகச் சொன்னார். குளித்து ஈரத்துணியோடு வரணும். தலையில் எண்ணெய் கூடாது. அடுப்பில் தாளிதம் கூடாது. அம்மை கண்டவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை, வந்தவர் வெளியே போகக்கூடாது. சத்தம் கூடாது, சண்டை கூடாது. "அம்மாவுக்குக் காலையும் சாயங்காலமும் விளக்கு ஏத்தணும். நாலு நாளா மாடம் இருண்டு கிடக்கு. அவளை இருட்டுல வச்சுட்டு நான் தண்ணி குடிக்கவா?"

மற்றதெல்லாம் மாசிலாமணிக்குப் பெரிசில்லை. குளித்தார். ஈரத்துணி கட்டினார். கட்டினதும் மாடத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். மாடத்தில் மஞ்சள் பூசின சின்ன முகம் ஒன்று. அதற்கு முன்னால் காய்ந்த அகல். எந்த விக்கிரகத்துக்கும் முன்னால் கை நீட்ட மாட்டேன் என்று சின்னப் பிள்ளையில் சபைக்கு முன்னால் நின்று சொன்னவர் அவர். சொன்னதை அன்றுவரை மீறாதவர். அந்தப் பக்கம் ரம்பம் அறுக்கிறது. இந்தப் பக்கம் அகல் காய்ந்து கிடக்கிறது. எவ்வளவு நேரம் நின்றாரோ, அந்தியாகிவிட்டதாம்.

"ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்" என்று துருத்திக் குரலில் சொன்னார். "இது அந்த அம்மாவுக்கு இல்லை. உமக்கும் இல்லை. இந்த ஆளுக்கு. கோபம் வந்தா என்கிட்ட வச்சுக்கிடும். இவன் தண்ணி குடிக்கட்டும்."

ஏற்றினார். வெளிச்சம் சுவரில் பட்டதும் பூசாரி வாயைத் திறந்தார். கால் செம்புத் தண்ணீர் இறங்கிற்று.

"உம்ம ஆத்தா பெட்டியை மறிச்சவன்வே நான். எதுக்கு வந்தீரு?" என்று கேட்டார் பூசாரி.

"மறந்துகிட்டிருக்கேன். ஞாபகப்படுத்தாதீரும். கோவம் வந்தா எனக்குச் சத்தம் வரும்" என்றார் மாசிலாமணி.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வேப்பிலையால் வீசினார், கஞ்சி வடித்துக் கொடுத்தார். பூசாரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்த நேரமெல்லாம் சண்டை போடத் தோன்றுமாம். ஆனால் சத்தம் கூடாதே. இரண்டு பேரும் காதோடு காதாகத்தான் திட்டிக்கொண்டார்கள். காதருகில் குனிந்து ஒருத்தனை அஞ்ஞானி என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவது தடவை சொல்ல வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாசத்தில் ஒரு ஞாயிறு சபையை நடத்த ஐயர் வண்டியில் வருவார், பாதிரியாருக்கு அங்கே அப்படித்தான் பேர். அவர் பேர் ஏசாயா ஐயர். வந்து பார்த்தால் கோயில் பூட்டிக் கிடக்கிறது. கூப்பிட ஆளில்லை, அதனால் ஒருவரும் வரவில்லை. விசாரித்தார். நேரே வேப்பமரத்தடிக்கு வந்து நின்றார். அம்மை வீட்டுக்குப் பக்கத்தில் வர அவருக்குப் பயம். மாசிலாமணி வாசற்படியைத் தாண்டக்கூடாது, சத்தமும் போடக்கூடாது. நடுவில் முப்பது எட்டு வைக்கிற தூரம். மாசிலாமணியின் பெஞ்சாதி ஞானவடிவு அந்த முப்பது எட்டுக்கும் மத்தியில் வந்து நின்றுகொண்டாளாம்.

"மாசிலாமணி, நீர் விக்கிரகத்துக்கு விளக்கு ஏற்றியது மெய்யா?" என்று கேட்டார் ஐயர்.

மாசிலாமணியின் உதடு அசைந்தது.

"என்ன சொல்கிறார்?"

"ஏத்துனேன்னு சொல்லுதாரு, ஐயரே" என்றாள் ஞானவடிவு.

"எதற்காக?"

உதடு நெடுநேரம் அசைந்தது.

"அந்தாளு தண்ணி குடிக்கணும்னு ஏத்தினாராம்."

"இவ்வளவு நேரம் பேசினார். நீ இம்மட்டும்தான் சொல்கிறாய்."

"மிச்சம் எனக்குச் சொன்னது. ஆட்டுக்குக் குழை ஒடிச்சுப் போட்டியான்னு கேக்காரு."

ஐயர் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு ஊருக்கு அவர் ஒருத்தர். ஓர் ஊரில் ஒரு விளக்கை விட்டுக்கொடுத்தால் பன்னிரண்டு ஊரிலும் மாடம் முளைத்துவிடும் என்று அவருக்கு ஒரு நடுக்கம். "தண்ணீர் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. விளக்கு எதற்கு?" என்றார்.

உதடு அசைந்தது. ஞானவடிவு முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "போன மாசம் பிரசங்கத்துல நீங்கதான் சொன்னீகளாம், பகையாளிக்குத் தாகம்னா தண்ணி குடுக்கணும்னு. நானும் கேட்டேன், நீளமான பிரசங்கம். அவன் வாயை மூடிக்கிட்டா எப்படிக் குடுக்கிறதுன்னு அதுல நீங்க சொல்லலையாம். மூடின வாயில தண்ணி ஊத்த ஐயருக்குத் தெரியும்னா, உள்ள வந்து ஊத்தச் சொல்லுதாரு. இதை நான் சொல்லலை, அவரு சொல்லுதாரு."

ஐயர் ஒரு எட்டுப் பின்னால் போனார். நின்ற இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார். இன்றைக்கே வெளியே வந்தால் சரி. வராவிட்டால் கோயில்பிள்ளை வேலை இல்லை, சபைக்குள் இடமில்லை, அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போஜனம் இல்லை. சாவியைக் கொடுத்துவிடணும்.

முப்பது வருசமாக அந்தக் கதவைத் திறந்த கை. மாசிலாமணி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மணலில் எறிந்தார். அம்மை வீட்டுச் சாவியை யார் தொடுவது? ஐயர் தொடவில்லை. சபையார் தொடவில்லை. மூன்று நாள் அது மணலிலேயே கிடந்ததாம். கோழிகூடச் சுற்றிக்கொண்டு போயிற்று. கடைசியில் ஞானவடிவுதான் கம்பால் தூக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள்.

சாவியை எறிந்த அன்றைக்கு அந்தியில் மாசிலாமணி எண்ணெயை எடுத்துக்கொண்டு மாடத்துக்கு நடந்தார்.

"நில்லும்வே" என்றார் பூசாரி. முப்பது எட்டுத் தூரத்துப் பேச்செல்லாம் படுத்திருந்தவர் காதில் விழுந்திருக்கிறது. "நீரு ஏத்த வேண்டாம்."

"பின்ன யாரு ஏத்துவா? உம்ம தம்பியா?"

"என்னைத் தூக்கி உக்கார வையும்."

"உக்காந்தா முத்து உடைஞ்சு ரத்தம் வரும்."

"வரட்டும். உம்ம ஆண்டவருக்கும் உமக்கும் நடுவுல என் விளக்கு எதுக்கு நிக்கணும்? நானே ஏத்துதேன். தூக்கும்."

தூக்கினார். பூசாரி எரிகிற திரியைக் கையில் பிடித்தார். கை ஆடுகிறது, அகலுக்குப் போகாமல் சுவருக்குப் போகிறது. மாசிலாமணி பார்த்தார். அந்த முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். விளக்கு எரிந்தது.

அந்த விளக்கை ஏற்றியது யார் என்று கருக்குவிளையில் இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. அம்மன் பக்கத்தில் கேட்டால், கை பூசாரி கைதானே என்பார்கள். வேதக்காரரும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் நிம்மதியோடு. முதல் நாள் விளக்கைப் பற்றி மட்டும் இரண்டு பக்கமும் பேசாது.

பூசாரி பிழைத்தார். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று தலைக்கு ஊற்றி வெளியே வந்தார். முகம் பூராவும் குழி. ஊரில் இப்போது இரண்டு பணியாரச் சட்டி.

அடுத்த ஞாயிறு ஆராதனை நடக்கிறது. மாசிலாமணிக்கு உள்ளே இடமில்லை. கோயில் சுவரை ஒட்டின அதே வேப்பமரத்தடியில், வெளியே மணலில் உட்கார்ந்து பாட்டுக்கு உதடு அசைத்துக்கொண்டிருந்தாராம். பூசாரி தெருவைக் கடந்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உம்மை வெளிய வச்சுட்டு உள்ள பாடுதானுவளே."

"பாடட்டும். மெல்லப் பேசும், அடுத்து ஜெபம்."

"இப்பவாவது உள்ளதைச் சொல்லும். முதல் நாள் விளக்கு ஏத்துனீரே, எங்க அம்மா தெரிஞ்சாளா?"

"எண்ணெய்தான் தெரிஞ்சுது. அதுவும் கசடு எண்ணெய்."

"பன்னெண்டு நாள் உம்ம கையால குடிச்சேன். உம்ம ஆண்டவர் எனக்கும் தெரியலை."

"அவரு தெரியிறதுக்கு நீரு கண்ணைத் திறக்கணும்வே."

"கண்ணு பூரா முத்துவே அப்ப."

இப்படியே போயிற்று. அடுத்த ஞாயிறும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும். வாரா வாரம் பூசாரி வந்துவிடுவார். கத்தினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், குசுகுசுத்தால் விடுவார்களா? உள்ளே சபை முழுக்க அந்தப் பக்கத்து ஜன்னலை நோக்கிச் சாய்ந்ததாம். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து கோயில் சுவரே அந்தப் பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்துவிட்டது என்று சொல்வார்கள். நான் போய் அளந்திருக்கிறேன், ஒன்றரை விரற்கடை. ஐயர் பிரசங்கத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தார். "சத்தம் போடாதீங்க ஐயரே, அந்தப் பக்கம் பூசாரி பதில் சொல்லுதாரு" என்று ஒரு கிழவர் வாய்விட்டுக் கேட்டேவிட்டாராம். பதினோரு மாசம் பொறுத்தார் ஐயர். பன்னிரண்டாவது மாசம் மாசிலாமணியை உள்ளே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். சபை அமைதிக்காக என்று மட்டும் சொன்னாராம். விளக்கைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பூசாரி அம்மன் பூசாரியாகவே இருந்து செத்தார். மாசிலாமணி கோயில்பிள்ளையாகவே செத்தார். ஒருத்தரை ஒருத்தர் ஒரு அங்குலம் நகர்த்தவில்லை. வேறு மாதிரிச் சொல்கிறவன் கதை விடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆராதனை முடிந்த பிறகும் அந்த மரத்தடியில் பேசுகிற பழக்கம் விடவில்லையாம். சாகிற வருசம்வரை வெயில் இறங்கினதும் வந்து உட்கார்ந்து காதோடு காதாகத் திட்டிக்கொண்டார்கள்.

அதனால்தான் கருக்குவிளையில் இன்றைக்கும் அப்படி. சாமியைப் பற்றி எவனுக்கும் எவனோடும் சண்டை போட உரிமை உண்டு. ஆனால் அந்த வேம்படிக்குப் போய்த்தான் போடணும், மெல்லத்தான் போடணும். மரத்தடியில் எப்போதும் ஒரு பானையும் செம்பும் இருக்கும். பேச்சில் எவன் சத்தம் முதலில் உயர்கிறதோ, அவன் எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டுவந்து மற்றவன் கையில் கொடுக்கணும். அவன் குடித்து முடிக்கிறவரை நிற்கணும். அவன் எப்படிக் குடிப்பேன் என்கிறானோ, அப்படித்தான் கொடுக்கணும். ஒருத்தன் கிழக்கே பார்த்துத்தான் குடிப்பான். ஒருத்தன் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குடிப்பான். ஒருத்தன் சாமியே இல்லை என்று சொல்லிவிட்டுக் குடிப்பான். நிற்கிறவன் வாயைத் திறக்கக்கூடாது. மெல்லச் சண்டை போடும் வேம்படி என்றுதான் பஸ்காரனும் அந்த இடத்தைச் சொல்லி ஆளை இறக்குகிறான்.

கதை அவ்வளவுதான். கேட்டாயிற்று, எழுந்து போங்கள். ஒன்று மட்டும். இதைச் சொன்னது யார் என்று கேட்டால், யாரோ வழிப்போக்கன் என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் விளக்கை ஏற்றியது மாசிலாமணி தனிக்கைதான் என்று நான் வாய்விட்டுச் சொன்னது தெரிந்தால், இரண்டு பக்கத்துக்காரனும் சேர்ந்து வந்து என்னை அந்த மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான். எனக்கோ மெல்லப் பேச வராது. அப்புறம் இருக்கிற மூன்று பல்லும் விழுகிறவரை அந்த ஊருக்கெல்லாம் நான்தான் தண்ணீர் மொண்டு கொடுக்கணும்.